ஏழு டம்ளர் கணக்கு: டயாலிசிஸ் தொடங்கிய வீட்டில் பேச்சு ஏன் குறைகிறது?

கேள்வி: மும்பை சயானிலிருந்து ஒரு வாசகி, 12 ஜனவரி 2025

என் கணவருக்கு 46 வயது. அக்டோபரிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். உடம்பு பரவாயில்லை என்கிறார் மருத்துவர். ஆனால் மனிதர் பேசுவதே இல்லை. முன்பு வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரே சிரிப்பும் கேலியுமாக இருக்கும். இப்போது அழைப்பு மணி அடித்தாலே உள்ளறைக்குப் போய்விடுகிறார். பொங்கலுக்கு நாத்தனார் குடும்பத்தோடு வருகிறார்கள். வர வேண்டாம் என்று சொல்லிவிடவா? சொந்தக்காரர்களிடம் நோயைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

12 ஜனவரி, இரவு

யாரிடமும் சொல்லாதீர்கள், தங்கச்சி. இதுதான் என் முதல் பதில், கடைசிப் பதிலும் இதுதான்.

நான் 2021 மார்ச்சிலிருந்து டயாலிசிஸில் இருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி. தடவைக்கு நான்கு மணி நேரம். தொடங்கிய புதிதில் ஊரறியச் சொல்லிவிட்டு இன்றும் அதற்கு வட்டி கட்டுகிறேன். சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினினைப் பத்தே நாளில் இறக்கும் கஷாயம் என்று பெரியப்பா மகன் பாளையங்கோட்டையிலிருந்து கூரியரில் ஒரு பொட்டலம் அனுப்பினான். சேர்மானத்தில் ஆடுதின்னாப்பாளை இருந்தது. அந்தச் செடி இனத்தில் இருக்கும் அமிலம் நல்ல சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்க உட்கொண்ட மருந்தில் அந்த இனச் செடி கலந்துபோய்ப் பல பெண்கள் சிறுநீரகத்தை இழந்தார்கள். நான் பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். அவன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

அப்போது மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். "பரம்பரை வியாதியா?" என்று ஒரு வீட்டார் தரகரிடம் கேட்டனுப்பினார்கள். எனக்கு வந்தது, பதினைந்து வருடம் மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் விட்ட இரத்த அழுத்தத்தால். நீர்க்கட்டிச் சிறுநீரகம் மாதிரிச் சில வகைகள்தாம் நேரடியாகப் பிள்ளைகளுக்கு இறங்குபவை. இதைத் தரகரிடம் விளக்கிப் பாருங்கள், தெரியும்.

14 ஜனவரி, கட்டிலிலிருந்து

இடக்கையில் இரண்டு ஊசி. வலக்கையால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இந்த வருடம் பொங்கல் செவ்வாய்க்கிழமையில் வந்து தொலைத்தது. வீட்டில் பால் பொங்கும் நேரத்தில் நான் இங்கே. பக்கத்துக் கட்டில் அண்ணாச்சி தாராவிக்காரர், 68 வயது. இயந்திரம் கத்தும்போதெல்லாம் "பொங்கலோ பொங்கல்" என்று குரல் கொடுக்கிறார். மராத்திக்காரத் தொழில்நுட்பப் பையனுக்கும் பழகிவிட்டது. அவன் சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொண்டுவந்திருந்தான். அவர்கள் வழக்கம், எள்ளும் வெல்லமும் கொடுத்து "இனிமையாகப் பேசு" என்று சொல்வார்கள். எள்ளில் எங்களுக்கு ஆகாத பாஸ்பரஸ் அதிகம். பாதியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். இனிமையாகத்தான் பேசுகிறேன்.

15 ஜனவரி

மூன்று நாள் முன்பு எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று முழுக்க யோசித்தேன். நான்கு மணி நேரம் கட்டிலில் கிடப்பவனுக்கு வேறென்ன வேலை.

உங்கள் வீட்டுக்காரர் ஏன் உள்ளறைக்குப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைக்கிறேன். தண்ணீர்தான் காரணம்.

எனக்குச் சிறுநீர் ஒரு நாளைக்கு 200 மி.லி. போலத்தான் போகிறது, அதிகமாகக் குடித்தால் உடம்பிலேயே தேங்கும். அதோடு 500 சேர்த்து 700 மி.லி. குடிக்கலாம் என்று மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ரசம், மோர், இட்லிக்கு ஊற்றும் சாம்பார், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் இதற்குள்தான். ஆளுக்கு ஆள் அளவு மாறும். என்னுடையதை உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் வீடுகளில் ஒருவர் வாசல் தாண்டியதும் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். அடுத்தது காப்பி. கிளம்பும்போது "மோராவது குடியுங்கள்". இதில் ஒன்றை வேண்டாம் என்றால் அவர்களுக்கு முகம் சுருங்கும், எல்லாவற்றையும் வேண்டாம் என்றால் பகை. நான் தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் வளர்ந்தவன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்பதை வைத்தே ஆளை அளந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். எங்கள் தெருவில் ஒருவர் நீட்டும் டம்ளரை வாங்காமல் கைகூப்பினால் என்ன பொருள் என்று குழந்தைக்கும் தெரியும்.

2021இல் அப்பாவின் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நோயைச் சொல்லக் கூச்சம். அதனால் "இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்" என்றேன். அந்த மதினி டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போன வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "செம்பூருக்குக் குடிபோனதும் நம் வீட்டுத் தண்ணீர் இறங்கவில்லை போல" என்று அடுக்களையிலிருந்து கேட்டது. அதற்கப்புறம் நான் யார் வீட்டுக்கும் போவதைக் குறைத்துக்கொண்டேன். மனச்சோர்வு என்று பெரிய பெயர் வைக்கும் முன் இந்தச் சின்ன விஷயத்தைப் பாருங்கள்.

ஆகவே நாத்தனாரிடம் சொல்லுங்கள். நோயின் வரலாறு வேண்டாம், தண்ணீர்க் கணக்கை மட்டும் சொல்லுங்கள். "அண்ணனுக்கு அளவு உண்டு, யாரும் நீட்டாதீர்கள், அவரே கேட்பார்" என்றால் போதும்.

16 ஜனவரி

நேற்றைய குறிப்பு இன்று என் கண்ணுக்கே கொஞ்சம் மேதாவித்தனமாகப் படுகிறது. மனிதர் வெறுமனே களைத்திருக்கலாம். டயாலிசிஸ் முடிந்து வந்தால் எனக்கு மாலை வரை அடித்துப்போட்டது மாதிரி இருக்கும்.

19 ஜனவரி

நாத்தனார் வந்தார், சொன்னீர்கள், அவர் அழுதுவிட்டார், உங்கள் கணவர் எரிச்சலோடு எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, என் யோசனை பலிக்கவில்லை. ஆனால் அவர் எழுந்து போகுமுன் அரை மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அதைக் கணக்கில் எடுக்கவில்லையா?

வேறொருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். சிறுநீரக நோயின் ஐந்தாம் நிலை வந்ததுமே டயாலிசிஸ் என்று நான் முன்பு எங்கோ எழுதினேனாம். தவறு. சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 15 மி.லி.க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை, உண்மை. ஆனால் உபாதைகள் வரும்வரை மருந்தோடும் உணவோடும் காத்திருப்பவர்கள் உண்டு. முன்கூட்டியே தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை என்று 2010இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் தெரிந்தது. எண்ணைப் பார்த்துப் பயந்து ராத்திரி தூங்காதவர்கள் இதைப் படிக்கட்டும்.

27 ஜனவரி, திங்கள்

இன்று என்னிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம்.

28 ஜனவரி

நேற்றைய ஒற்றை வரிக்கு விளக்கம். சனிக்கிழமை முடிந்தால் அடுத்தது செவ்வாய்தான். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் உடம்பில் நீரும் உப்பும் தேங்கும். இந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் அதிகம் என்று அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2011இல் காட்டினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் திங்கள் மாலை என் மனைவியின் கொலுசுச் சத்தம்கூட எரிச்சலூட்டும் என்பதுதான். வீட்டில் ஓர் எழுதாத சட்டம் உண்டு: பணம், பிள்ளைகள், சொந்தக்காரர் பற்றிய பேச்செல்லாம் புதன்கிழமை.

உங்கள் வீட்டுக்காரருக்குத் திங்கள், புதன், வெள்ளி என்றால் அவருடைய ஞாயிறுதான் என்னுடைய திங்கள். விருந்தாளிகள் வருவதும் ஞாயிறுதானே. நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள்.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். செடா நகர் முருகன் கோவிலுக்கு மாலை போனேன். படியேறவில்லை, கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். போன வருடம் ஏறினேன்.

அதற்கு முந்தைய வருடத்தைச் சொல்ல வேண்டும். 2023 தொடக்கத்தில் எதிலும் ஆசை இல்லாமல் கிடந்தேன். சாப்பாடு மண்ணாக இருந்தது. பேரன் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பேன். எல்லோரும் "மனதைத் தளரவிடாதே" என்றார்கள். அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தவரை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும். கடைசியில் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4. சிறுநீரகம் கெட்டால் இரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் சுரப்பதும் குறையும். ஊசியும் இரும்புச்சத்தும் போட்டார்கள். இரண்டு மாதத்தில் 10க்கு மேல் வந்தது. படியேறினேன். பேரனோடு கேரம் ஆடினேன். என் மனதில் ஒன்றும் கோளாறு இல்லை, இரத்தம்தான் குறைவு என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

14 பிப்ரவரி

"அப்படியானால் மனசு என்று ஒன்று கிடையாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபமாகத்தான் கேட்டிருக்கிறார், நியாயம்தான். முந்தாநாள் நான் முழுக்கதையைச் சொல்லவில்லை.

இரத்தம் ஏறிய பிறகும், 2023 ஜூனில் சில இரவுகள் டயாலிசிஸையே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. கேரம் ஆடிய அதே மாதம். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு 14416ஐ அழைத்தேன். அது 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலிமானஸ் இலவச மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். மும்பையில் உட்கார்ந்துகொண்டு தமிழில் பேசினேன். எதிர்முனையில் இருந்த பெண் எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "இன்று எத்தனை டம்ளர் குடித்தீர்கள்?" என்று கேட்டாள், ஏனென்றால் நான் அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். ஐந்து என்றேன். "இன்னும் இரண்டு இருக்கிறதே" என்றாள். எழுந்து போய் ஒன்றைக் குடித்தேன்.

பிறகு மனநல மருத்துவரையும் பார்த்தேன். சிக்கல் என்னவென்றால் களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் சிறுநீரக நோயின் குறிகள், மனச்சோர்வின் குறிகளும் அவையே. எது எது என்று பிரிக்க ஆள் வேண்டும். மாத்திரை எல்லோருக்கும் பலிப்பதில்லை. டயாலிசிஸ் தொடங்காத நோயாளிகளிடம் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சோதித்த 2017 ஆய்வில் அது போலி மாத்திரையை விட மேலாக இல்லை. டயாலிசிஸில் இருப்பவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரத்தில் அந்த மாத்திரை, பேசித் தரும் மனநல சிகிச்சையை விடச் சற்றே நன்றாக வேலை செய்தது. எனக்குப் பேச்சுதான் உதவியது. உங்களுக்கு மாத்திரை உதவலாம். மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

13 மார்ச்

மார்ச் இரண்டாம் வியாழன், உலகச் சிறுநீரக தினம். எங்கள் மையத்தில் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அதன்மேல் "நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரகத்தைக் காப்பாற்றுங்கள்". கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம்தான். அண்ணாச்சி அதை உயரத் தூக்கிப் பார்த்து, "எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு" என்றார். கட்டிலெல்லாம் குலுங்கியது. ஒருவருக்கு இயந்திரமே கத்தியது. பொங்கலோ பொங்கல்.

16 மார்ச்

கேட்டவர்களுக்கு, சின்னச் சின்னதாக.

தாகத்துக்குக் காரணம் நா அடக்கம் இல்லாமை என்று வீட்டுக்குவீடு சண்டை நடக்கிறது. காரணம் உப்பு. ஊறுகாயையும் அப்பளத்தையும் மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை ஒளித்து வைப்பதில் பயன் இல்லை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்காதீர்கள், அதில் எங்களுக்கு ஆகாத பொட்டாசியம் இருக்கும். பள்ளி வாசல்களில் உப்பு மிளகாய்ப் பொடி தடவி விற்கும் கமரக், ஐந்து முனைப் பழம், அதைத் தொடவே கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதன் நச்சு மூளையில் ஏறும். விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும்.

ஊர்க் கல்யாணத்துக்குப் போகலாமா என்று கேட்டவருக்கு: போனேன். தாதரில் திருநெல்வேலி ரயிலேறி இரண்டு இரவு. அங்கே ஒரு மையத்தில் முன்கூட்டியே நாள் குறித்து, அறிக்கைகளை அனுப்பி வைத்து, தாலி கட்டிய மறுநாள் டயாலிசிஸ். டயாலிசிஸுக்காகப் பயணம் செய்பவருக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. கல்யாணத்துக்குப் போகிறவனுக்கு இல்லை. ஆகவே முழு டிக்கெட்.

இன்னொன்று. 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. சிறுநீரகச் செயலிழப்பு அதில் இல்லை. ரயிலில் இருக்கை கேட்டால் "உங்களுக்கு என்ன?" என்ற பார்வை வரும். முழுக்கைச் சட்டையை மடித்து, டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக் குழாய்களை இணைத்ததில் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும் ஃபிஸ்டுலாவைக் காட்டுவேன். அலறியடித்து எழுந்திருப்பார்கள். கொஞ்சம் கெட்ட புத்திதான்.

9 ஏப்ரல்

சிறுநீரக மாற்று அறுவை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

என் மனைவி தருவதாகச் சொன்னாள். இரத்தப் பிரிவு பொருந்தியது. நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன். ஒரு மாதம் பரிசோதனை நடந்தது. கடைசியில் அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து வேண்டாம் என்றுவிட்டார்கள். மருத்துவமனை நடைபாதையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அந்த நிமிடத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க அவளுடைய ஒரு பாகத்தைச் சுமந்துகொண்டு, அவள் தலைவலி என்றால்கூட நான்தான் காரணம் என்று குறுகிக்கொண்டிருக்க வேண்டாம் என்ற நிம்மதி. மகள் தருகிறேன் என்றபோது முடியவே முடியாது என்றேன். அது பெருந்தன்மையா, இந்தக் குறுகலுக்குப் பயந்ததா? இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சயான் மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் மண்டல உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு மையத்தின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறது. இரவில் கைபேசி அடித்தால் இருவரும் எழுந்து உட்காருகிறோம். பெரும்பாலும் தவறான எண்.

10 ஏப்ரல்

1962இல் அமெரிக்காவின் சியாட்டிலில் இயந்திரங்கள் குறைவு. யாருக்கு டயாலிசிஸ் என்று முடிவு செய்ய ஊர்ப் பொதுமக்கள் சிலரைக் கொண்ட குழு ஒன்று இருந்தது. குடும்பம், வருமானம், தேவாலயத்துக்குப் போகும் பழக்கம் எல்லாம் பார்த்தார்களாம். நேற்று எழுதிய பிறகு அதுதான் நினைவுக்கு வந்தது. 54 வயதுக் கணக்கு எழுத்தர், முன்கோபி, தைப்பூசத்துக்கு மட்டும் கோவில். என் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே போயிருக்கும்.

26 மே, இரவு

பருவமழை இன்றே மும்பைக்கு வந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 11. குர்லா, சயான் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டியதே, அதுவும் செவ்வாய்க்கிழமை. அன்று எங்களைப் போன்றவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு மழைக்கும் நினைத்துக்கொள்வேன்.

மாலை ஆறு மணிக்கு ஒரு புது எண். கரகரத்த குரல். "அண்ணே, நான் சயானிலிருந்து பேசுகிறேன். என் மனைவி உங்களுக்கு எழுதுவாளே." இன்று அவருடைய நாள், வெளியே இறங்க முடியவில்லையாம். வெள்ளிக்கிழமை முடித்தது, நாளை நான்காம் நாள். ஐந்து மாதமாக ஒரு வார்த்தை பேசாதவர் என்று இங்கே நாம் விவாதித்துக்கொண்டிருந்த ஆள் பத்து நிமிடம் பேசினார். எல்லாம் எடை, மூச்சு, கால் வீக்கம், நாளை எங்கள் ஷிஃப்டில் இடம் கிடைக்குமா. இரவு பழம், இளநீர், காய்ச் சாறு எதுவும் வேண்டாம், தலையணையை உயர்த்திப் படுங்கள், மூச்சு முட்டினால் மழையாவது மண்ணாவது, அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள் என்றேன். பொறுப்பாளரை அழைத்தேன். காலை ஏழு மணிக்கு ஒரு கட்டில் இருக்கிறது.

27 மே

வந்துவிட்டார். மூன்றரைக் கிலோ கூடுதல். காலில் இன்னும் சேறு. அண்ணாச்சிக்கும் எனக்கும் நடுக்கட்டில்.

முதல் இரண்டு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு நான் மாத்திரை போடப் பையிலிருந்து என் டம்ளரை எடுத்தேன். அதைப் பற்றி இதுவரை எழுதவில்லை என்று நினைக்கிறேன். சின்ன எவர்சில்வர் டம்ளர், சரியாக 100 மி.லி., விளிம்பில் ஒரு நெளிவு. ஒரு நாளைக்கு ஏழு தடவை. 2021இல் மனைவி மாட்டுங்காவில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினாள். பெரிய டம்ளரில் பாதி குடித்தால் குறை தெரியும், இதில் நிறையக் குடித்தது மாதிரி இருக்கும்.

"இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"இரண்டு வாங்க வேண்டும்."

ஒன்று போதுமே என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு கூரையைப் பார்த்தபடியே, "அவளும் என் எதிரில் தண்ணீர் குடிப்பதில்லை. அடுக்களையில் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள்" என்றார்.

தங்கச்சி, இதை உங்களிடம் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். சொல்லுங்கள் என்றார்.

சனிக்கிழமை என் ஷிஃப்ட் முடிந்ததும் கடைக்குப் போவதாகப் பேச்சு. இரத்த அழுத்தம் கவிழாமல் இருக்க வேண்டும், மழையும் கொஞ்சம் விட வேண்டும். அண்ணாச்சியும் வருகிறாராம், ஆனால் அவருக்கு 150 மி.லி.யாம், எங்களோடு சேர மாட்டாராம்.